சிஸ்டர் எதிர்த்த சாஃப்ட்வேர்

பெருங்குடியில் எங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர்களில் பாதிக்கு மேல் செத்துப்போய்விட்டன. நான் எழுதியவையும் அதில் உண்டு. உயிரோடு இருப்பவற்றில் ஒன்று மயிலாப்பூரில், ஒரு டிரஸ்ட் நடத்தும் மருத்துவமனையில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்காக எனக்குப் பாராட்டு வரும்போதெல்லாம் கூச்சமாக இருக்கும். அதை ஓட வைத்தவர், எல்லோர் முன்னிலையிலும் அதைக் கிழி கிழியென்று கிழித்த ஒரு பெண்மணி. அவரும் இப்போது அங்கே இல்லை, இந்தக் கதையில் வரும் இன்னொருவரும் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். அதனால் இனிமேல் சொல்லலாம்.

அவர் அந்த மருத்துவமனையின் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி. அறைக் கதவில் நீளமான பதவிப் பெயர் எழுதிய பலகை ஒன்று இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. டிரஸ்டி முதல் லிஃப்ட் ஆபரேட்டர் வரை எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’. சாந்தோம் பக்கத்து மீனவர் குடும்பம். அம்மா கடைசிவரை கடற்கரைச் சாலையில் கூடை வைத்து மீன் விற்றவர். சிஸ்டர் நல்ல உயரம், குரலும் அதற்கேற்றாற்போல். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார், அடுத்த நிமிடம் யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்பதைப் போல. டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் போகும்போது சுத்தமான ஆங்கிலம். நோயாளிகளிடம் பொதுவான தமிழ். ரொம்பப் பிடித்தவர்களிடமும் ரொம்பக் கோபம் வந்தவர்களிடமும் மட்டும் வீட்டுத் தமிழ் வரும். இரண்டில் எது என்பதைக் கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாளே என்னைத் ‘தம்பி’ என்றார். எனக்கு அப்போதே காதோரம் நரைத்திருந்தது. “கம்ப்யூட்டர்காரங்க எத்தினி பேரு வந்துட்டுப் போயிருக்காங்க. நீ ஒருத்தன்தான்பா நாங்க சொல்றத காதுல வாங்கற” என்றார். அது வரைக்கும் நான் எதையும் காதில் வாங்கியிருக்கவில்லை. கையில் இருந்த மொபைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதன் பிறகு வாங்க ஆரம்பித்தேன். வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது, அன்றைக்கே என்னை மடக்கிப் போட்டிருக்கிறார் என்று.

அதுதான் சிஸ்டரின் வித்தை. அந்த மருத்துவமனையில் ஒரு பெரிய டாக்டர் இருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வெளியே போட்டு நடந்த செருப்போடு நுழைவார். யார் சொல்வது அவரிடம்? ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த நர்ஸுகளை வாசலில் நிறுத்திவைத்து, அவர் படியேறி வரும் நேரம் பார்த்து சிஸ்டர் சத்தமாகப் பாடம் எடுத்திருக்கிறார். “பெரிய டாக்டர் ரொம்பக் கறாரு. அவரே செருப்பு மாத்தாம உள்ள போகமாட்டாரு, நம்மள விடுவாரா?” பெரிய டாக்டர் படியிலேயே நின்று கேட்டார். அன்றிலிருந்து அவர் ஒரு நாள்கூட செருப்பு மாற்றாமல் உள்ளே போனதில்லை. மாற்றாத ஜூனியர்களைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னது பெண்கள் வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸ். சிந்தாதிரிப்பேட்டைப் பெண், வாயாடி, சிஸ்டருக்குச் செல்லம். இன்னொன்றும் சொன்னாள். கிறிஸ்துமஸ் விழாவுக்கு எல்லோரும் ஒரே மாதிரி சேலை கட்டுவது என்று முடிவு செய்து தி.நகர் போயிருக்கிறார்கள். நிறத்தில் சண்டை வந்துவிட்டது. சீனியர் நர்ஸுகள் ஒரு பக்கம், ஜூனியர்கள் ஒரு பக்கம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தின் நடுவில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்களாம். சிஸ்டர் நேராகக் கடைக்குள் போய், பளபளவென்று ஜிகினா ஒட்டிய ஆரஞ்சுச் சேலை ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்து, “எனக்கு இதான் புடிச்சிருக்கு, எல்லாருக்கும் இதையே எடுத்துரலாம்” என்றார். இரண்டு கட்சியும் அந்த நிமிடமே ஒன்று சேர்ந்துவிட்டது. எப்படியாவது அந்த ஆரஞ்சைத் தடுத்தாக வேண்டுமே! கால் மணி நேரத்தில் எல்லோருக்கும் சம்மதமான ஒரு மயில் கழுத்து நிறத்தைத் தேடிப் பிடித்தார்கள். சிஸ்டர் மட்டும் திரும்பி வரும் வழியெல்லாம் கோபித்துக்கொண்டவர் போல உம்மென்று வந்தாராம்.

“நிஜமாவே கோச்சுக்கினாங்களோன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் டவுட்டு சார்” என்றாள் அந்த நர்ஸ். எனக்கும்தான்.

சரி, சாஃப்ட்வேருக்கு வருகிறேன். அந்த மருத்துவமனையில் வார்டுக்கு மருந்தோ கையுறையோ ஊசியோ வேண்டுமென்றால் நர்ஸ் ஒரு சீட்டு எழுதுவார். அதற்கு இன்டென்ட் என்று பெயர். ஆயாம்மா அதை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் இருக்கும் ஸ்டோர்ஸுக்குப் போய்த் தட்டில் போட்டுவிட்டு வருவார். ஸ்டோர்ஸில் அதை எப்போது பார்க்கிறார்களோ அப்போது பொருள் மேலே வரும். சீட்டு காணாமல் போனால் யார் தவறு என்பதற்குச் சாட்சியே கிடையாது. இதைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிஸ்டர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிஸ்டர் சொன்னார் என்பதுதான் அதில் இருந்த ஒரே சிக்கல்.

ஏனென்றால் கீழே ஸ்டோர்ஸின் பொறுப்பாளருக்கும் சிஸ்டருக்கும் ஆகாது. அவரை எல்லோரும் ‘ஸ்டோர்ஸ் சார்’ என்பார்கள். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், கை நீட்டி யாரிடமும் ஒரு பைசா வாங்காதவர், விடுமுறையே எடுக்காதவர். தங்கமான மனிதர்தான். ஆனால் ஒரு முறை அவர் வாங்கிய கையுறைப் பெட்டி ஒன்றை சிஸ்டர் டிரஸ்டியின் மேஜை மேல் வைத்து, ஒன்றை எடுத்து மாட்டி, கிழிந்த விரலை ஆட்டிக் காட்டிவிட்டார். மற்றவர்களையெல்லாம் அத்தனை நாசூக்காகக் கையாண்டவர் அன்றைக்கு மட்டும் எப்படித் தவறினாரோ தெரியாது. நேரில் கேட்டபோது, “அன்னிக்கு வார்டுல ஒரு பொண்ணு கைல ஊசி குத்திகினு அழுதுகினு இருந்துச்சு தம்பி, எனக்கு வாய் நிக்கல” என்றார். ஸ்டோர்ஸ் சார் அந்த விரலை மறக்கவே இல்லை.

எங்களுக்கு முன்னால் இரண்டு கம்பெனிகள் வந்து சாஃப்ட்வேர் போட்டுப் போயிருந்தன. இரண்டும் சிஸ்டர் கேட்டு வந்தவை. ஸ்டோர்ஸ் சார் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. “பேஷா பண்ணுங்கோ” என்பார். வந்தவர்களுக்கு ஃபில்டர் காப்பி வாங்கிக்கொடுப்பார். பொருள் பட்டியலை ஏற்றித்தர வேண்டிய பொறுப்பு அவருடையது. அது முடியவே முடியாது. ஒரு நாள் ஸ்டாக் எடுக்க வேண்டும் என்பார், ஒரு நாள் ஆடிட் என்பார். ஏற்றிய பட்டியலிலும் ஒரே பஞ்சு நாலு பெயரில் இருக்கும். நர்ஸுகள் தேடித் தேடி அலுத்துப்போய் மறுபடி சீட்டு எழுத ஆரம்பிப்பார்கள். “அவாளுக்கே வேண்டாம்னா நான் என்ன சார் பண்ணட்டும்?” என்று டிரஸ்டியிடம் கையை விரிப்பார். வாங்கிய கம்ப்யூட்டர்களின் மேல் வார்டுகளில் ஃபைல் அடுக்கி வைத்திருந்தார்கள்.

மூன்றாவதாக நாங்கள் போன சமயத்தில்தான் அந்தச் சிந்தாதிரிப்பேட்டைப் பெண்ணுக்கு மெமோ வந்தது. ஒரு நோயாளிக்கு மத்தியானம் போட வேண்டிய ஊசி மருந்து வரவில்லை. காலையிலேயே சீட்டு அனுப்பிவிட்டதாக அவள் சொன்னாள். அப்படி ஒரு சீட்டே வரவில்லை என்றார்கள் ஸ்டோர்ஸில். நோயாளியின் மகன் எதிர்க்கடையில் ஓடிப்போய் மருந்து வாங்கி வந்ததால் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் அவன் டிரஸ்டியின் அறையில் போய்க் கத்திவிட்டான். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவோம் என்று அவளுக்கு எழுத்தில் வந்தது. அப்பா இல்லாத வீடு, அவள் சம்பளத்தில்தான் தங்கை கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சிஸ்டர் டிரஸ்டியிடம் வாதாடிப் பார்த்தார். சாட்சி எங்கே என்று கேட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன், கீபோர்டைப் பார்க்காமலே மளமளவென்று அடிக்கிறார். அடுத்து வந்த வாரங்களில் அந்தச் சாஃப்ட்வேரின் ஒவ்வொரு திரையையும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் செய்தோம். “இந்த பட்டன் சின்னதா கீது, கையுறையோட அமுக்கணும். பேரு டைப் அடிக்க விடாத, அவசரத்துல தப்பா அடிப்பாங்க, படம் போட்டு வை.” சீட்டு எந்த நேரத்தில் போனது, எந்த நேரத்தில் பார்க்கப்பட்டது என்பது அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும் என்பதிலும் கறாராக இருந்தார். எங்கள் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அந்தத் தெளிவு கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லாம் முடிந்ததும், “தம்பி, நான் இங்க உக்காந்தது யாருக்கும் தெரியக்கூடாது” என்றார். “ட்ரெயினிங்குக்கு ஸ்டோர்ஸ் ஆளுங்கள மட்டும் கூப்பிடு. எங்களக் கூப்பிடாத.”

“சிஸ்டர், உபயோகிக்கப் போறதே நீங்கதானே?”

“அதான் சொல்றேன். கூப்பிடாம வுட்டாதான் நான் சண்டைக்கு வரமுடியும். அழைப்பு ஸ்டோர்ஸ் சார் பேருல போகட்டும். சாஃப்ட்வேர் தலைப்புல அவரு டிபார்ட்மென்ட் பேரப் போடு. மீதிய நான் பாத்துக்கறேன். இன்னா நடந்தாலும் நீ வாயத் தொறக்காத.”

அந்த மருத்துவமனையில் அழைப்பு என்பது பெரிய விஷயம். எந்தக் கூட்டமானாலும் ஒவ்வொரு பிரிவுத் தலைவரையும் நேரில் போய்க் கூப்பிட வேண்டும், கூப்பிடும் வரிசையில்கூட மரியாதை இருக்கிறது. விட்டுப்போனவர் மாதக்கணக்கில் பேசமாட்டார். நான் பயந்துகொண்டேதான் சிஸ்டர் சொன்னபடி செய்தேன்.

பயிற்சி ஆரம்பித்துப் பாதி நேரம் ஆகியிருக்கும். டிரஸ்டி அம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. சிஸ்டர் உள்ளே வந்தார், பின்னால் நாலைந்து நர்ஸுகள்.

“இன்னா நடக்குது இங்க?” என்றார். டிரஸ்டி முன்னால் அந்தத் தமிழை அவர் பேசி யாரும் கேட்டதில்லை. “நர்ஸுங்களுக்குத் தெரியாம நர்ஸுங்களுக்கு சாஃப்ட்வேரா? மேடம், நானே ரெண்டு தபா கேட்டு வாங்கிப் பட்டது போதும், இது வேணாம். நோயாளியப் பாப்பமா, டிவிப் பொட்டியப் பாப்பமா? இந்த ஆளுக்கு” — என்னைக் காட்டினார் — “வார்டுன்னா இன்னான்னு தெரியுமா? ஒரு மண்ணும் தெரியாது. இத்த என் வார்டுல வெக்க வுடமாட்டேன்.”

நடிப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இவர் மனசு மாறிவிட்டாரோ, நிஜமாகவே என்மேல் ஏதோ கோபமோ என்று நினைத்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன், அதிலும் எதுவும் கிடைக்கவில்லை.

ஸ்டோர்ஸ் சார் மெல்ல எழுந்து நின்றார். எல்லோர் முன்னாலும் சிஸ்டரை மடக்க இத்தனை வருடமாக அவர் காத்திருந்த நிமிடம் அது. “மேடம், ஒரு நிமிஷம். ஊரெல்லாம் கம்ப்யூட்டர்ல நடந்துண்டிருக்கு. நாம மட்டும் சீட்டு எழுதிண்டு உக்காந்திருந்தா எப்படி? சிஸ்டருக்குப் பயமா இருக்கலாம், தப்பு சொல்லலை. இதை நடத்திக் காட்ட வேண்டியது என் பொறுப்பு. நான் எழுதித் தரேன்.”

டிரஸ்டி அம்மா அங்கேயே அனுமதி கொடுத்துவிட்டார். சிஸ்டர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். சற்று நேரம் கழித்து நான் வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். “இன்னா தம்பி, மூஞ்சி வெளுத்துப் போச்சு. கேன்டீன்ல டீ சொல்லிகீறேன், போய்க் குடி” என்று சொல்லிவிட்டு, யாரோ வரும் சத்தம் கேட்டதும் என்னை முறைத்துக்கொண்டே நடந்தார். அசந்துபோய் நின்றேன். அப்படி ஒரு மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டு கம்பெனிகள் வருடக்கணக்கில் கெஞ்சியும் வராத பொருள் பட்டியல் அந்த மாதமே வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே பெயர். படங்கள்கூட ஸ்டோர்ஸ் சாரே தன் மொபைலில் எடுத்துத் தந்தார். ‘நம்ம சிஸ்டம்’ என்று பேச ஆரம்பித்தார். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் ரோட்டை அடைத்திருந்தபோதும் சுற்றி நடந்து சீக்கிரமே வந்து, இரவில் வந்த இன்டென்டுகளையெல்லாம் காலைக் காப்பிக்கு முன்னால் அனுப்பிவிடுவார். மேலே சிஸ்டர் ரவுண்ட்ஸில் வாய்க்கு வாய் அந்தச் சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டே, ஒரு நர்ஸாவது அதில் போடாமல் சீட்டு எழுதினால் தனியாகக் கூப்பிட்டுக் காதைத் திருகினார்.

நான் பயந்த நாளும் வந்தது. அதே பெண்கள் வார்டு, அதே பெண், இன்னொரு மருந்து தாமதம். நர்ஸ் அனுப்பவே இல்லை என்று ஸ்டோர்ஸில் ஒரு கிளார்க் வழக்கம்போல டிரஸ்டி முன்னால் சொன்னார். அனுப்பினேன் என்றுதான் அவள் இந்த முறையும் சொன்னாள். வேலை போனதென்றே நானும் நினைத்தேன். ஸ்டோர்ஸ் சார் திரையைத் திறந்து பார்த்தார். அவள் அனுப்பிய நேரம் அதில் இருந்தது, கிளார்க் அதைத் திறந்து பார்த்த நேரமும் இருந்தது. அவர் நினைத்திருந்தால், கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லித் தன் ஆளைக் காப்பாற்றியிருக்கலாம். பழைய சாஃப்ட்வேராக இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

“நம்ம சிஸ்டம் பொய் சொல்லாது மேடம்” என்றார். “தப்பு எங்க பக்கம். அந்தப் பொண்ணுக்கு முன்னாடி கொடுத்த மெமோவையும் வாபஸ் வாங்கிடுங்கோ. அப்பவும் அவ சொன்னதுதான் நிஜமா இருந்திருக்கும்னு தோணறது.”

அவள் வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சிஸ்டர் அந்தப் பக்கமே வரவில்லை.

அந்த வருடம் மருத்துவமனைக்கு ஒரு பொது மேலாளர் தேவைப்பட்டார். எல்லாப் பிரிவுகளும் அவருக்குக் கீழே வரும். பணி மூப்பின்படி அது சிஸ்டருக்கு வர வேண்டியது, எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். டிரஸ்டிகள் ஸ்டோர்ஸ் சாரைத் தேர்ந்தெடுத்தார்கள். புதுமையை ஏற்றுக்கொள்கிறவர் என்று காரணமும் சொன்னார்கள். ஆண்டு விழா மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது சிஸ்டர் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே அவர் அறைக்குப் போனேன். “டிரஸ்டி அம்மாகிட்ட நான் உண்மையைச் சொல்லிடறேன் சிஸ்டர். இது நீங்க செஞ்சதுன்னு சொல்றேன். நீங்க சொல்லி வரைஞ்ச திரை எல்லாம் என்கிட்ட இருக்கு.”

“ஆசை இல்லன்னு சொன்னா பொய்யாப் போயிரும் தம்பி” என்றார். “எங்கம்மாவோட சேந்து மீன் வித்த பொம்பளைங்க எல்லாத்துக்கும் சொல்லி வெச்சிருந்தேன், நான் ஜெனரல் மேனேஜர் ஆவப்போறேன்னு.” அவர் குரல் தழுதழுத்தது, உடனே சரியாகிவிட்டது. “ஆனா நீ போயி சொன்னேன்னு வெய்யி. அது என்னுதுன்னு அவருக்குத் தெரிஞ்ச அன்னிக்கே அது செத்துடும். மறுபடி சீட்டு, மறுபடி மெமோ. அந்தப் பொண்ணு நிம்மதியா வேலை பாத்துகினு கீறா. வாய மூடிகினு போ.”

மூடிக்கொண்டேன். அதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. புது மேலாளர் பொறுப்பேற்றதும் போட்ட முதல் உத்தரவே, கம்ப்யூட்டருக்குப் பயப்படும் மூத்த ஊழியர்களுக்கு அடிப்படைப் பயிற்சி. பட்டியலில் முதல் பெயர் சிஸ்டருடையது. இந்த முறை அவரே நேரில் போய் அழைத்திருக்கிறார். பயிற்சி கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

சிஸ்டர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இரண்டு வயதான ஆயாம்மாக்கள், பின்னால் வாட்ச்மேன். ஸ்டோர்ஸ் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “பயப்படாதேங்கோ சிஸ்டர், அது ஒண்ணும் கடிச்சுடாது” என்றார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே தைரியம் சொன்னார்.

“இத்த எப்டிப் புடிக்கணும் தம்பி?” என்று சிஸ்டர் மவுஸைக் காட்டி என்னிடம் கேட்டார். நானும் அவரும் சேர்ந்து வரைந்த திரை எதிரே திறந்திருந்தது. சொல்லிக்கொடுத்தேன். வேறு எங்கோ அமுக்கினார். மறுபடி சொன்னேன், மறுபடி தவறாக அமுக்கினார். கடைசியில் ஒரு பஞ்சுப் பொட்டலத்துக்கு இன்டென்ட் போட்டுவிட்டார். ஆயாம்மாக்கள் கை தட்டினார்கள். சிஸ்டர் நாற்காலியில் திரும்பி ஸ்டோர்ஸ் சாரைப் பார்த்தார்.

“நான் அன்னிக்கு வேணாம்னு கத்தினது தப்புதான் சார்” என்றார். “உங்க சிஸ்டம் நல்லாத்தான் கீது.”

ஸ்டோர்ஸ் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. “காப்பி சொல்லட்டுமா சிஸ்டர்?” என்றார். அந்த மனிதர் சிஸ்டரிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. கேன்டீனுக்கு அவரே போனார்.

அவர் போய்விட்டார், இனி நடிக்க வேண்டாம் என்று நான் நிமிர்ந்தேன். ஆயாம்மாக்களும் வாட்ச்மேனும் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் திரையைக் கூர்ந்து பார்த்தார்.

“தம்பி, அந்த அம்புக்குறி திரும்பக் காணாமப் போச்சே. கொஞ்சம் கண்டுபுடிச்சுக் குடு.”

நான் குனிந்து அவர் கையோடு சேர்த்து மவுஸை மெல்ல நகர்த்திக் காட்டினேன்.